அத்தைக்கு வரைந்த இரண்டு விரல்கள்

நம் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் நான் வாயைத் திறப்பதே இல்லை என்று உங்களுக்கெல்லாம் தெரியும். யாருக்காவது பேரன் பிறந்தால் கும்பிடும் கை ஒன்று போடுவேன். அவ்வளவுதான். வகுப்பிலும் அப்படித்தான் இருந்தேன். ‘உள்ளேன் ஐயா’ சொன்னாலே முன் பெஞ்சுக்குக் கேட்காது. சந்திப்பு மலருக்கு ஆளுக்கொரு பக்கம் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்டபோது, எழுதத் தெரியாது என்று சொல்லக்கூடக் கூச்சப்பட்டு சும்மா இருந்துவிட்டேன்.

போன வாரம் மில்லுக்காரர் மகன் மலரின் அட்டைக்கென்று ஒரு படம் அனுப்பினான். அவன் அப்பாவின் சேகோ மில்லுக்குள் பெண்கள் ஜவ்வரிசிக்குக் கிழங்கு உரித்து வேலை செய்கிற பெரிய ஓவியம். பழைய ஆபீசை இடிக்கும்போது கிடைத்ததாம். துடைத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, புது மில்லின் வரவேற்பறையில் மாட்டப் போகிறானாம். ‘முதலாளியும் தொழிலாளியும் ஒரே குடும்பமாக உழைத்த காலம்’ என்று கீழே எழுதியிருந்தான். ஒருவர் பாக்கியில்லாமல் இதயம் போட்டீர்கள். ‘அந்தக் காலத்துப் பொம்பளைங்க முகத்துல என்ன ஒரு களை’ என்று ஒருவர் எழுதினார்.

அந்தப் படத்தின் வலது பக்கம், மெஷினுக்கு அருகே கையில் கிழங்கு பிடித்துக்கொண்டு நிற்கிற உயரமான பெண் என் அத்தை. அப்பாவின் தங்கை. படத்தில் அவள் வலது கையில் ஐந்து விரல்கள் இருக்கின்றன. அந்தப் படத்தை வரைந்த நாட்களில் அவளுக்கு அந்தக் கையில் மூன்று விரல்தான்.

அதனால்தான் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் ஏழாவது படித்த வருஷம் அது. மணி அடித்ததும் நீங்கள் ஏரிப் பக்கம் ஓடுவீர்கள். நான் மில்லுக்குப் போவேன். வீட்டுச் சாவி அம்மாவின் இடுப்பில் இருக்கும். கேட்டைத் தாண்டும்போதே புளித்த வாடை முகத்தில் அடிக்கும். மக்கிய கிழங்குத் தோலும், தொட்டியில் மாவு அடங்கியபின் திறந்துவிடுகிற தண்ணீரும் சேர்ந்த வாடை. உங்களில் இரண்டு மூன்று பேர் என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று டீச்சரிடம் சொன்னது அந்த வாடைக்காகத்தான். யார் யார் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

உள்ளே நீளமான தகரக் கொட்டகை. பெண்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்து குச்சிக்கிழங்கு உரிப்பார்கள். கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறல். கட்டை விரலைக் கொடுத்துத் தள்ளினால் தோல் சட்டை மாதிரி கழன்று வரும். அம்மா அந்த வரிசையில் மூன்றாவது ஆள். உரித்த கிழங்கைக் கழுவி, கூடையில் மேடைக்கு ஏற்றி, அரைக்கிற மெஷினின் வாயில் கொட்டுவது அத்தையின் வேலை. மேடை உயரம் என்பதால் உயரமான ஆளாகப் பார்த்து அவளை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே ஆணி ஆணியாகப் பல் வைத்த உருளை சுற்றும். கிழங்கு விழுந்ததும் ஒரு கத்தல். பிறகு பால் மாதிரி கீழே ஓடும். எனக்கு அந்தக் கத்தல் பிடிக்கும். மேடைக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். நோட்டில் வெள்ளைப் பொட்டு பொட்டாகத் தெறிக்கும்.

மெஷின் வாங்கி வந்தபோது அதன் வாய்க்கு ஒரு தகர மூடி இருந்தது. ஒரு கூடை கொட்டி மூடியை இறக்கி, அரைந்ததும் தூக்கி, அடுத்த கூடை கொட்ட வேண்டும். இதில் நேரம் போகிறது என்று மேஸ்திரி மூடியைக் கழற்றிவிட்டார். அந்தத் தகரம் எங்கே போனது தெரியுமா? கேட்டுக்கு வெளியே இருந்த டீக்கடையில் அடுப்புக்குக் காற்று மறைப்பாக நின்றது. நாமெல்லாம் பன் வாங்கித் தின்ற அதே கடை. மூலையில் இரண்டு கீல் துளைகளோடு கரி பிடித்து நிற்கும். நீங்கள் அத்தனை பேரும் பார்த்திருக்கிறீர்கள்.

பெரிய கிழங்கு குறுக்கே சிக்கிக்கொண்டால் தென்னை மட்டையால் குத்தித் தள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மட்டையால் தள்ளினால் நார் பிய்ந்து மாவில் விழும். ஜவ்வரிசி பழுப்படிக்கிறது என்று அதற்கும் மேஸ்திரி திட்டுவார். “மட்டைய எடுத்தீன்னா நாளைக்கு வேலைக்கு வராத” என்று அவர் அத்தையிடம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். மட்டை கூடாது, மூடி கிடையாது. மிச்சம் இருந்தது கைதான்.

மார்கழி மாதம் ஒரு நாள். நான் பார்க்கவில்லை. மாலையில் போனபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை நிற்கிற இடத்தில் அம்மா நின்றாள். அவள் குள்ளம் என்பதால் காலுக்குக் கீழே ஒரு பலகை போட்டிருந்தார்கள்.

“அத்தை எங்கம்மா?”

“டவுனுக்குப் போயிருக்குது. நீ போயி உக்காரு சாமி.”

மோதிர விரலும் சுண்டு விரலும் அடியோடு போய்விட்டன. ஆஸ்பத்திரிக்குப் போனால் கேள்வி கேட்பார்கள் என்று, டவுனில் தெரிந்த கம்பவுண்டர் ஒருவர் வீட்டில் வைத்துத் தையல் போட்டுக் கூட்டி வந்தார்கள். அதனால் துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. மெஷினை அரை மணி நேரம் நிறுத்திக் கழுவினார்களாம். தொட்டி மாவு லேசாகச் சிவப்படித்தது, இரண்டு தண்ணீர் கூடுதலாக விட்டு அலசினார்கள் என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மாவைக் கொட்டவில்லை. காயவைத்து, மூட்டை பிடித்து அனுப்பினார்கள். எந்த ஊரில் யார் பாயசம் வைத்துக் குடித்தார்களோ. இன்றுவரை என் வீட்டில் ஜவ்வரிசி வாங்குவதில்லை. ஏன் என்று என் பிள்ளைகள் கேட்டபோது அரிக்கும் என்று பொய் சொன்னேன்.

தை பிறந்ததும் அத்தை கட்டு பிரித்து வேலைக்கு வந்தாள். உரிக்கிற வரிசையில் அம்மாவின் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் முதலாளி புது ஆபீஸ் கட்டி முடித்திருந்தார். சுவரில் மாட்ட மில்லின் உள்பக்கத்தையே படமாக எழுத வேண்டும் என்று சங்ககிரியிலிருந்து ஒரு பெயிண்டரைக் கூட்டி வந்தார். லாரிக்குப் பின்னால் புலி, மயில், அருவி எல்லாம் எழுதுகிறவர். கதவு அளவுக்கு ஒரு பலகையைக் கொட்டகைக்குள்ளேயே சாய்த்து வைத்து, லாரி பெயிண்டிலேயே எழுதினார். புளித்த வாடையோடு டர்பன்டைன் வாடையும் சேர்ந்தது. மனிதர்களின் முகத்தை விறுவிறுவென்று முடித்துவிட்டு மெஷினிடம்தான் நாள் கணக்கில் உட்கார்ந்தார். எழுந்து போய்ப் பார்ப்பார், வந்து ஒரு போல்ட் வைப்பார், மறுபடி எழுந்து போவார்.

மெஷினுக்கு அருகே உயரமான பெண் நிற்க வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. அம்மாவைப் பலகையோடு எழுத முடியுமா? எனவே அத்தையை எழுப்பி மறுபடியும் அந்த மேடையில் நிறுத்தினார்கள். இதை மட்டும் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். கை போன அதே இடத்தில், கை ஆறி ஒரு மாதம்கூட ஆகாத பெண்ணை, அழகுக்காகப் போய் நில் என்றார்கள். அவளும் நின்றாள். மெஷின் ஓடியது.

பெயிண்டர் கண்ணால் கண்டதைத்தான் எழுதினார். கிழங்கைப் பிடித்திருந்த கையில் மூன்று விரல். சாயங்காலம் பெண்களெல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள். “என்ற மூஞ்சி என்ன இப்புடி பூசணிக்காயாட்டம் இருக்குது?” என்று ஒருத்தி. “இருக்கறதத்தான எழுதுவாங்க” என்று இன்னொருத்தி. ஒரே சிரிப்பு. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டு படத்தில் இருந்த கையையே பார்த்தாள். அப்போது அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடம் வந்து கையைப் பார்த்துவிட்டுப் போயிருந்தது.

மறுநாள் நான் பெயிண்டரிடம் போனேன். என் வாழ்க்கையில் யாரும் கேட்காமல் நானாக வாய் திறந்து பேசிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் அது முதல் நாள்.

“மாமா, எங்கத்தைக்கு இன்னும் ரெண்டு வெரல் போட்டு உடுங்க.”

அவர் பிரஷ்ஷை வாயில் கடித்தபடி என்னைப் பார்த்தார். “இல்லாததை எழுதச் சொல்றியே அம்மிணி. புலிக்கு ரெக்கை வெக்கச் சொல்லுவ போல.”

“முன்னால இருந்துச்சுங்க.”

அதற்குமேல் அவர் கேலி பேசவில்லை. அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டார். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “போடறதுன்னாப் போடுங்க. செவுத்துல இருக்கறவளாச்சும் முழுசா இருக்கட்டும்.”

பத்து நிமிஷ வேலை. இரண்டு விரல்களும் வந்துவிட்டன. அத்தை கிட்டப்போய்ப் பார்த்தாள். “கொஞ்சம் நீட்டமாப் போட்டுட்டீங்க” என்று சொல்லி, மார்கழிக்குப் பிறகு முதல்தடவையாகச் சிரித்தாள். பெயிண்டர் மூலையில் கையெழுத்துப் போட்டு, ‘தை’ என்று மாதத்தையும் எழுதினார். நான் பெருமையில் அன்று இரவு சாப்பிடவே இல்லை.

பங்குனி வாக்கில் அத்தை என்னைக் கூப்பிட்டு ஒரு தபால் கார்டு எழுதச் சொன்னாள். மில்களைப் பார்வையிடுகிற அதிகாரி ஒருவர் இருக்கிறார் என்று டீக்கடையில் யாரோ சொல்லியிருந்தார்கள். அவளுக்கு எழுதத் தெரியாது.

“நட்டம் குடுங்க, அது இதுன்னு ஒண்ணும் எழுதாத. மெஷினுக்கு மூடி போடச் சொல்லுங்கன்னு மட்டும் எழுது.”

“உன் வெரலைப் பத்தி?”

“இந்த மாதிரி ஆச்சுன்னு ஒரு வரி எழுது. என்ற வெரலு போனது போச்சு. இப்ப அங்க நிக்கறது உங்கம்மா.”

எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

அதிகாரி வந்தது கோடை விடுமுறையில். ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்துக் கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். அத்தையைக் கூப்பிட்டு விட்டார்கள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் போய்க் கதவோரம் நின்றேன். முதலாளி சத்தம் போடவே இல்லை. அவர் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார்.

“நம்ம மில்லுல ஆருக்கும் ஒண்ணும் ஆனதில்லீங்க சார். இந்தப் புள்ளதான் கார்டு போட்டது. ஊட்டுல மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டறப்ப மெஷின்ல கைய உட்டுருச்சு. பாவம், அதுக்கு நம்ம என்ன பண்றதுங்க? அங்க பாருங்க, தை மாசம் எழுதுன படம். இதே புள்ளதான். கை முழுசா இருக்குதுங்களா?”

அதிகாரி எழுந்து சுவரிடம் போனார். பேனா முனையை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணினார். வாய்விட்டு எண்ணினார். ஐந்து.

“இது நீதானா?”

“நான்தானுங்க.”

“மார்கழியில கை போச்சுன்னு எழுதியிருக்கே. தை மாசப் படத்துல அஞ்சு விரல் எப்படிம்மா வந்துச்சு?”

“அது ரெண்டு வெரல் எச்சா எழுதுனதுங்க.”

மேஸ்திரி சிரித்தார். அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “இல்லாத விரலை யாராவது எழுதச் சொல்லுவாங்களா? யார் சொன்னது?”

அத்தை திரும்பி என்னைப் பார்க்கவில்லை. என் கையைப் பின்பக்கமாக ஒரு அழுத்து அழுத்தினாள். “நானேதானுங்க சொன்னேன்.”

‘நான்தான் கேட்டேன்.’ இரண்டே சொல். அதைச் சொல்லாமல் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உரிக்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் கத்திகளின் சத்தம் மட்டும் கேட்டது. ஒருத்தியும் எழுந்து வரவில்லை. அவர்களை மன்னிக்க எனக்கு இருபது வருஷம் ஆயிற்று. பெயிண்டரைத் தேடி அம்மா சங்ககிரிக்குப் போனாள். லாரிப் பட்டறை பட்டறையாக விசாரித்தாள். ஆள் ஆந்திராப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள்.

இல்லாத விரலை யாராவது எழுதச் சொல்வார்களா என்று கேட்டாரே, அந்தப் படித்த மனிதர்! விரல் இருக்கிறவர்கள் எதற்குச் சொல்லப் போகிறார்கள்? இல்லாதவள்தானே சொல்வாள்? அந்த அறையில் இதைப் புரிந்துகொள்ள ஒருவருக்கும் அறிவில்லாமலா போயிற்று? புரிந்துதான் இருந்தது. முதலாளிக்குக் கட்டாயம் புரிந்திருந்தது. தன் மெஷினில் போன விரலைச் சுவரில் காட்டி அது தை மாதம் இருந்தது என்று சாதிக்க ஒரு மனசு வேண்டும்.

பொய்ப் புகார் கொடுத்தவள் என்று அத்தையை வேலையை விட்டு நிறுத்தினார்கள். லாரியில் வெளியூர் போயிருந்த அப்பா வந்து, “கார்டு போடற அளவுக்குப் பெரிய மனுசி ஆயிட்டியா?” என்று தங்கையைத்தான் திட்டினார். அம்மா மூடியில்லாத அந்த மெஷினில் இன்னும் நான்கு வருஷம் நின்றாள். சாயங்காலம் அவள் களி கிண்டி வட்டிலில் போடும்போது நான் களியைப் பார்க்க மாட்டேன், கையைப் பார்ப்பேன். ஒரு நாள் அதைக் கவனித்துவிட்டு அம்மா சொன்னாள்: “நீ அந்த வெரலைக் கேக்காம இருந்திருந்தா இந்நேரம் மூடி வந்திருக்கும்.”

திட்டும் குரலில் சொல்லவில்லை. அலுப்பில் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்தை நாற்பது வருஷமாகச் சுமக்கிறேன். நான் ஏன் பேசுவதில்லை என்று கேட்பீர்களே, வாய் திறந்து ஒன்று கேட்டதற்குக் கிடைத்தது அது.

படத்தைப் பார்த்ததும் போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அத்தை வீட்டுக்குப் போனேன். மேச்சேரி பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். மாமா நல்லவர். கையைப் பற்றிக் கேட்டதே இல்லையாம். அவர் இறந்துவிட்டார். மகனோடு ஆடு வளர்த்துக்கொண்டிருக்கிறாள். பட்டிக்கு வெளியே கட்டிலில் உட்கார்ந்து போனை வாங்கிப் பார்த்தாள்.

“அட, நானா இது! எத்தன ஒசரம் பாரு. மூக்கத்தான் லாரிக்குப் பாடி கட்டுன மாதிரி கட்டியுட்டான் பாவி.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “நான் அந்த வெரலைக் கேட்டிருக்கக் கூடாதுங்கத்தை” என்றேன். அதைச் சொல்வதற்குத்தான் போனேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கோபம் வந்துவிட்டது.

“இத்தன வருசமா இதையா வெச்சுட்டு இருந்த? ஏழாவது படிக்கற புள்ள கேட்ட ரெண்டு வெரலாலயா மூடி வராமப் போச்சு? ஆரு உனக்குச் சொன்னது?”

அம்மாவின் பெயரை நான் எடுக்கவில்லை.

“இதைப் பெருசாக்கு. எப்புடிப் பண்றது?” காட்டிக் கொடுத்தேன். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து அவளே விரித்தாள். தன் முகத்துக்கோ கைக்கோ போகவில்லை. படத்தை நகர்த்தி மெஷினிடம் வந்து நிறுத்தினாள்.

“மூடி இருக்குதா பாரு.”

பார்த்தேன். உருளை தெரிந்தது. பல் பல்லாக ஆணி தெரிந்தது. மூடி கழற்றிய இடத்தில் கீல் மட்டும் தெரிந்தது. அந்தக் கீலில் திருகாணி இல்லாத இரண்டு துளைகளையும் அந்த மனிதர் எழுதியிருந்தார்.

“அந்த ஆபீசரு என்ற வெரலை எண்ணுனானே, நான் மூடியப் பத்தித்தான கார்டு போட்டேன்? இந்தப் படத்துலயே இருக்குது. கையிலருந்து ஒரு சாண் தள்ளிப் பாத்திருந்தாப் போதும். செரி, படத்துல பாக்க வேண்டாம். முப்பதடி நடந்து வந்தா மெஷினே இருக்குது. கலரக் குடிச்சுப்போட்டு அப்புடியே போனான். அதுக்கு நீ என்னடி பண்ணுவ?”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

வரும்போது பஸ்ஸில் மறுபடியும் மறுபடியும் பெரிதாக்கிப் பார்த்தேன். அத்தனை வருஷம் அந்தப் படம் முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால் தொங்கியது. சம்பளம் வாங்க வந்தவர்கள், கிழங்கு கொண்டு வந்த விவசாயிகள், சேலத்து வியாபாரிகள், அதிகாரிகள், எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்! இப்போது நீங்களும் பார்த்தீர்கள். முகத்தில் களை இருக்கிறது என்று மட்டும் கண்டுபிடித்தீர்கள். கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை. நானும் போன வாரம் அத்தையின் கையைத்தான் பார்த்தேன்.

மில்லுக்காரர் மகனே, இனி உனக்கு. உன் அப்பா செய்ததற்கு உன்னைக் கேட்கவில்லை. நீயும் ஏழாவதுதான் படித்தாய். படத்தை அட்டையில் போடலாமா வேண்டாமா என்பதை மற்றவர்கள் முடிவு செய்யட்டும். போட்டால் ‘ஒரே குடும்பம்’ என்ற அந்த வரியை எடுத்துவிடு. எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் அந்த மேடையில் நிறுத்திப் படம் எழுத மாட்டார்கள்.

இப்போது உன் மில்லில் தோல் உரிக்க மெஷின் வந்துவிட்டது, வடக்கேயிருந்து வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள் என்று குழுவில் எழுதியிருந்தாய். வீடியோவும் போட்டாய். வாசல், தோட்டம், ஆபீஸ், வண்டி நிறுத்துமிடம் எல்லாம் வந்தன. அரைக்கிற இடம் வரவில்லை. அங்கே கிழங்கு போடுகிற பிள்ளையின் முன்னால் மூடி இருக்கிறதா? இருக்கிறது, இல்லை, இரண்டில் ஒன்றைக் குழுவில் எல்லோருக்கும் முன்னால் சொல். மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்காதே. கேமராவில் பார்க்காதே. நாற்காலியை விட்டு எழுந்து, நடந்து போய்ப் பார்.